'பாண்டிட் குயீன்' முதல் ஓடிடி வரை: திரையில் நிர்வாணம் குறித்து

நெய்தல்மணி:
ஓடிடி வந்த பிறகுதான் நம்மவர்கள் திரையில் நிர்வாணத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகினார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. கதைக்குத் தேவையெனில் முத்தத்தையும் நிர்வாணத்தையும் அனுமதிக்கலாம் என்று திரைப்படத் தணிக்கையை ஆராய அரசு அமைத்த கோஸ்லா குழு 1969இலேயே பரிந்துரைத்தது. கொள்ளைக்காரியாக இருந்த பூலன் தேவியின் வாழ்க்கையைச் சொல்லும் சேகர் கபூரின் 'பாண்டிட் குயீன்' பட வழக்கில், 1996இல், உச்ச நீதிமன்றம் அதைவிடத் தெளிவாகப் பேசியது. ஆண்கள் சுற்றி நின்று பார்க்க, பூலன் தேவியை ஆடையின்றி ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைக்கச் செய்யும் காட்சி அதில் உண்டு. அதைப் பார்ப்பவருக்குக் காமம் கிளர்வதில்லை, அவள்மீது இரக்கமும் அந்த ஆண்கள்மீது அருவருப்புமே எழும் என்பது தீர்ப்பின் சாரம். உடல் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பதை விட்டு, எதற்காகக் காட்டுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கியதுதான் உண்மையான மாற்றம்.

ஆற்றங்கரையான்:
அந்தத் தீர்ப்பைப் புகழ்பவர்கள் பூலன் தேவி என்ன சொன்னார் என்பதைச் சொல்வதே இல்லை. படம் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். படத்தை எதிர்த்து 1994இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கே போனார். பின்னர் சமரசம் ஏற்பட்டது என்றாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. உயிரோடிருக்கும் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட வன்கொடுமையை அவள் சம்மதமின்றித் திரையில் காட்டலாமா என்று எழுத்தாளர் அருந்ததி ராய் அப்போதே எழுதினார். நோக்கம் நல்லது என்று இயக்குநரும் நீதிபதியும் சொன்னால் போதுமா?

கொட்டகைக்காரன்:
சந்தை நடப்பையும் பாருங்கள். 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது என்பதால், அந்த உரிமைத் தொகைக்காகத் தயாரிப்பாளரே கத்தரியைக் கையில் எடுக்கிறார். வன்கொடுமையின் வலியைச் சொல்லும் காட்சி வெட்டுப்பட, நாயகியின் இடுப்பை நெருக்கத்தில் காட்டி, நாயகன் துரத்தித் துரத்திச் சீண்டும் பாட்டை வீடே உட்கார்ந்து பார்க்கிறது. எனக்கு அந்தப் பாட்டுதான் ஆபாசம்.

ஆற்றங்கரையான்:
பாட்டைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதற்காக ஓடிடியை அவிழ்த்துவிடலாம் என்றாகாது. ஓடிடிக்கான 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வயது வகையை அந்த நிறுவனங்களே தீர்மானித்துக்கொள்கின்றன; வீட்டில் ஒரே கணக்கை எல்லோரும் பயன்படுத்தும்போது, மூலையில் தோன்றி மறையும் '16+' யாரைத் தடுக்கும்?

நெய்தல்மணி:
13+ வகைக்கும் அதற்கு மேற்பட்ட வகைகளுக்கும்ப் பூட்டு வசதி தர வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. பூட்டைப் போட வேண்டியவர்கள் பெற்றோர். சம்மதம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது, ஆனால் அதற்கான விடையும் இந்தக் காலத்தில்தான் பிறந்தது. நடிப்பவர் எதற்கு ஒப்புகிறார், எதற்கு ஒப்பவில்லை என்று முன்கூட்டியே பேசி முடித்து, படப்பிடிப்பில் அந்த எல்லையைக் காக்கும் நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளரை 2018இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ அமர்த்தியது. இந்தியப் படப்பிடிப்புகளிலும் இன்று அவர்கள் இருக்கிறார்கள். முன்பு நடிகை தனியாகத் தாங்கிய சங்கடம் அது.

ஆற்றங்கரையான்:
நடிகையின் சம்மதத்துக்கு ஆள் வந்துவிட்டார், மகிழ்ச்சி. யாருடைய வாழ்க்கையைப் படமெடுக்கிறார்களோ அந்தப் பெண்ணின் சம்மதத்துக்கு யார் இருக்கிறார்? உயிரோடிருப்பவர்மீது நடந்த பாலியல் வன்கொடுமையைக் காட்டும் படத்துக்கு, அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் தணிக்கை வாரியம் சான்றிதழ் தரக் கூடாது; ஓடிடிக்கும் அதே விதி வேண்டும்.