அஸ்டெக் வேளாண்மையை வியூக விளையாட்டில் அமைப்பது குறித்து உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். 15ஆம் நூற்றாண்டின் மெக்சிகோ பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்ட வியூக வீடியோ கேம் ஒன்றை உருவாக்கி வருகிறேன். அதில் அஸ்டெக் வேளாண்மையை அமைப்பதற்கு உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது. ஏர் பூட்ட மாடில்லாமல், கோலால் மண்ணைக் கிளறிப் பயிரிட்ட அம்மக்களுக்கு, இவ்வகை விளையாட்டுகளில் வழக்கமாக வரும் உழுத வயலைக் கொடுப்பது பொருந்தாது. சோச்சிமில்கோ, சால்கோ ஏரிகளின் ஆழமற்ற நீரில் சேற்றையும் நீர்த்தாவரங்களையும் அடுக்கி மேடாக்கி, கரை சரியாமலிருக்க ஓரங்களில் வில்லோ மரங்களை நட்டு உருவாக்கிய சினாம்பா என்னும் நீண்ட பாத்திகளில், நாற்றங்காலில் வளர்த்த நாற்றுகளைப் பிடுங்கி நட்டு, ஆண்டுக்குப் பல போகம் கண்டார்கள். (மிதக்கும் தோட்டம் என்று பலரும் எழுதுகிறார்கள், உண்மையில் அவை ஏரியின் தரையில் ஊன்றி நின்றவை.)

எனவே, சினாம்பாவை ஆழமற்ற நன்னீர்க் கட்டங்களில் மட்டும் அனுமதித்து, கால்வாய்ச் சேற்றை அள்ளிப் போட ஆட்களை ஒதுக்காவிட்டால் விளைச்சல் குறையுமாறு வைத்திருக்கிறேன். டெஸ்கோகோ ஏரியின் உவர்நீரில்தான் சிக்கல். அதைத் தடுக்க டெஸ்கோகோ நகர அரசர் நெசவால்கொயோட்டில் என்பவரின் காலத்தில் எழுப்பப்பட்ட நெடுங்கரையைத் தனிக் கட்டுமானமாக வைப்பதா, வெள்ளம் வந்தபின் மட்டும் திறக்கும் வாய்ப்பாக வைப்பதா? மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி ஆகியவற்றைத் தனித்தனி வளங்களாகப் பிரித்தால் ஆட்டம் மிகவும் மந்தமாகிவிடுமா? விளையாட்டு வடிவமைப்பில் அனுபவமுள்ளவர்கள் தங்கள் கருத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.