ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: அப்பாவுக்கு எந்த அப்லேஷன்?

கோத்தகிரி மகள்:
அப்பாவுக்கு 63 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் தேயிலை. இரண்டு வருடமாகப் படபடப்பு வந்து வந்து போகிறது. ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏஎஃப்), அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோய் என்று பிடித்தார்கள். சில மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை கொடுத்ததில் தைராய்டு கெட்டுப்போய் நிறுத்திவிட்டார்கள். எக்கோவில் இடது மேலறை பெரிதாகவில்லை, வால்வும் நன்றாக இருக்கிறது. பிபி, சர்க்கரை இரண்டும் உண்டு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.6, கொஞ்சம் கூடுதல். கோவையில் ஒரு டாக்டர் ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன் (குழாய் விட்டு, கோளாறான இடத்தைச் சுட்டு முடக்குவது) செய்யலாம் என்கிறார். இன்னொருவர் புதிதாக வந்திருக்கும் பல்ஸ்டு ஃபீல்டுதான் பாதுகாப்பு என்கிறார். எதை எடுப்பது? பணம் கொஞ்சம் கூடக்குறைய ஆனாலும் புரட்டிவிடலாம்.

எமரால்டு வாசி:
பல்ஸ்டு ஃபீல்டுதான் தங்கச்சி. நான் ஒன்பது வருடமாக, இதயத்துக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்கிற கேத் லேபில் டெக்னீஷியன். இந்த நோயைக் கிளப்பும் மின்பொறி பெரும்பாலும் நுரையீரல் சிரைகளுக்குள்ளிருந்து கிளம்புகிறது என்று 1998இல் பிரான்ஸின் போர்டோ நகரத்தில் ஹைஸாகேர் குழு காட்டியது. 45 பேரிடம் பார்த்ததில் 94 சதவீதப் பொறிகள் அங்கிருந்துதான் வந்தன. அதனால் எந்த முறையானாலும் வேலை ஒன்றுதான்: சிரைகள் இடது மேலறையில் சேரும் வாயைச் சுற்றி, மின்பொறி தாண்டாதபடி வேலி போடுவது. ரேடியோ ஃப்ரீக்வென்சி சுட்டுப் போடுகிறது, கிரையோ பலூன் உறையவைத்துப் போடுகிறது. சூடும் குளிரும் சுவரோடு நிற்காது. இடது மேலறைக்குப் பின்னால் சில மில்லிமீட்டரில் உணவுக்குழாய் இருக்கிறது. பல்ஸ்டு ஃபீல்டு மிகச் சிறிய நேர மின்துடிப்பால் செல்லின் சவ்வில் துளை போடுகிறது. இதயத் தசை அதற்குச் சீக்கிரம் மடியும், உணவுக்குழாயும் நரம்பும் தாங்கிக்கொள்ளும். 17,000 பேருக்கு மேல் தொகுத்துப் பார்த்த மேனிஃபெஸ்ட் பதிவில் உணவுக்குழாய்ச் சேதம் ஒன்றுகூட இல்லை.

குன்னூர் பழையவர்:
தம்பி சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். நான் 2019இல் ரேடியோ ஃப்ரீக்வென்சி செய்துகொண்டவன். அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை, அதுவும் முதல் மாதத்தில் படபடப்பு வந்தது. 2023இல் வந்த அட்வென்ட் ஆய்வில் 607 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் பலன் கிடைத்தது பல்ஸில் 73.3 சதவீதம், சூடு குளிர் முறைகளில் 71.3. இதில் என்ன பெரிய வித்தியாசம்? நேரம் மிச்சம்தான், சராசரி 106 நிமிடம், மற்றதில் 123. ஆனால் எக்ஸ்ரே பார்க்கும் நேரம் பல்ஸில்தான் கூடுதல். அப்புறம் அந்த 1.6 கிரியேட்டினினை யாரும் கவனிக்கவில்லையே. பல்ஸ் கொடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைகின்றன, அந்தக் கழிவு சிறுநீரகத்துக்குத்தான் போகிறது. தம்பி சொன்ன அதே பதிவில் ஐந்து பேருக்கு டயாலிசிஸ் வரை போயிருக்கிறது.

எமரால்டு வாசி:
17,000 பேரில் ஐந்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. எத்தனை பல்ஸ் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. சிரைகளோடு நிறுத்திக்கொண்டு சலைனும் ஏற்றினால் பயம் குறையும். இவருடைய மேலறை பெரிதாகவில்லை, நோயும் வந்து வந்து போகிற வகை. சிரை வேலியே போதும், சுவரெல்லாம் கோடு இழுக்க வேண்டியதில்லை. 2015இல் வந்த ஸ்டார் ஏஎஃப் இரண்டாம் ஆய்வில் விடாமல் நீடிக்கிற வகைக்கே கூடுதல் கோடுகளால் பலன் கூடவில்லை.

கூடலூர் ராணி:
கிரையோவை இருவரும் ஒதுக்கிவிட்டீர்கள். என் மாமியாருக்கு அதுதான் செய்தார்கள். உதரவிதான நரம்பு அடிபட்டு இரண்டு மாதம் மேடேறினால் மூச்சு வாங்கியது, பிறகு சரியாகிவிட்டது. 2016இல் 762 பேரை வைத்துச் செய்த ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வில் சூடும் குளிரும் சமமாகத்தான் வந்தன.

எமரால்டு வாசி:
அக்கா, 2025இல் பல்ஸையும் கிரையோவையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள், 210 பேர், தோலுக்கடியில் மானிட்டர் வைத்து. திரும்பி வந்தது பல்ஸில் 37 சதவீதம், கிரையோவில் 51.

கேத்திக்காரன்:
எல்லோரும் எந்தக் கருவி என்றே பேசுகிறீர்கள். கேபானா ஆய்வு 2,204 பேரைப் பார்த்தது. இறப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டதில் அப்லேஷனுக்கும் மருந்துக்கும் உறுதியான வித்தியாசம் வரவில்லை. அப்பா எடை எவ்வளவு? குறட்டை உண்டா? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பத்து சதவீத எடை குறைத்து அப்படியே வைத்துக்கொண்டவர்களுக்குத் தொந்தரவில்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு என்று பார்த்திருக்கிறார்கள். முதலில் அதைச் செய்யுங்கள்.

கோத்தகிரி மகள்:
எடை 84, குறட்டையும் உண்டு அண்ணா. இரண்டையும் பார்க்கிறோம். ஆனால் படபடப்பு வந்தால் தோட்டத்தில் உட்கார்ந்துவிடுகிறார், ஒரு மூட்டை இலையைக்கூடத் தூக்க முடியவில்லை. மருந்தும் ஒத்துக்கொள்ளவில்லை.

குன்னூர் பழையவர்:
அப்படியானால் அப்லேஷன் சரிதான். முதலிலேயே அப்லேஷன் செய்தவர்களையும் மருந்திலேயே இருந்தவர்களையும் ஒப்பிட்ட ஏர்லி ஏஎஃப் ஆய்வில், ஒரு வருடத்தில் திரும்பி வந்தது அப்லேஷனில் 42.9 சதவீதத்துக்கு, மருந்தில் 67.8. இதிலும் கவனியுங்கள், செய்துகொண்டவர்களிலும் பத்தில் நாலு பேருக்குத் திரும்பியிருக்கிறது. வேலியில் ஒரு முழம் இடைவெளி போதும், காட்டெருமை தோட்டத்துக்குள் வந்துவிடும். அதனால் வேலி போடுகிறவர் கை எனக்கு முக்கியம். இரண்டு டாக்டரிடமும் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போக வேண்டாம்.

இன்னொன்று, இது மலைக்காரர்களுக்கு. எனக்கு மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் வந்தது. இங்கே ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அப்லேஷன் ஆனதை நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நல்லவேளை சாதாரணக் காய்ச்சல். சூட்டு முறையில் உணவுக்குழாய்க்கும் மேலறைக்கும் இடையே ஓட்டை விழுவது மிக அபூர்வம்தான். விழுந்தால் ஓரிரு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கினால் வலி, கை கால் இழுப்பு என்று வரும். அப்போது எண்டோஸ்கோபி குழாய் விடக் கூடாது, காற்று ஏறி மூளைக்குப் போய்விடும். நெஞ்சு சிடி எடுத்து, செய்த டாக்டரிடமே ஓட வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி அப்பா சட்டைப் பையில் வையுங்கள் அம்மா. ஐப்பசி கார்த்திகையில் தேதி வாங்காதீர்கள். மழையில் மலைச் சாலையில் மண் சரிந்தால் கீழே இறங்க என்ன வழி?

எமரால்டு வாசி:
இதற்காகத்தான் ஐயா நான் பல்ஸ் என்கிறேன். அந்தத் தாளே தேவைப்படாத முறை இருக்கும்போது மலையில் இருக்கிறவருக்கு ஏன் சூடு? எதைச் செய்தாலும் ரத்தம் இளக்கும் மாத்திரையைக் குறைந்தது இரண்டு மாதம் ஒருவேளைகூட விடக் கூடாது. பிபியும் சர்க்கரையும் இருப்பதால் துடிப்பு சரியானாலும் அதைத் தொடரத்தான் சொல்வார்கள். படபடப்பு இல்லையே என்று நிறுத்திவிடாதே தங்கச்சி.

கோத்தகிரி மகள்:
இருவரிடமும் போன் போட்டுக் கேட்டேன். பல்ஸ் சொன்னவர் போன தீபாவளிக்குப் பிறகுதான் அந்த முறையைத் தொடங்கினாராம், இதுவரை 20 பேர். அதை மறைக்காமல் சொன்னார். ரேடியோ ஃப்ரீக்வென்சி டாக்டர் 12 வருடமாக வாரம் மூன்று செய்கிறாராம். உணவுக்குழாயில் வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டுதான் சுடுவேன் என்றார். இவரிடமே தை மாதம் தேதி வாங்கியிருக்கிறோம். எமரால்டு அண்ணா, மன்னிக்கணும்.

எமரால்டு வாசி:
மன்னிப்பு எதற்கு? என் அப்பாவாக இருந்தால் பல்ஸ் நிறையச் செய்கிற இடத்தைத் தேடிச் சென்னை வரை போயிருப்பேன். இடுப்பு மடிப்பில் ஊசி போட்ட இடம் ஆற வேண்டும், அடுத்த நாளே மலை ஏற்றிவிடாதே. கீழே தங்க ஆள் இருக்கிறார்களா?

கோத்தகிரி மகள்:
மேட்டுப்பாளையத்தில் சித்தி வீடு. ஒரு வாரம் அங்கேதான். தாளை இன்றைக்கே எழுதிவிட்டேன் ஐயா, இரண்டு பிரதி.