5 வயதுப் பையனுக்குக் குறள் சொல்லிக்கொடுத்தால் பேச்சு வளருமா?

காட்பாடி அம்மா:
பையன் யூ.கே.ஜி. படிக்கிறான். வாய் ஓயாமல் பேசுவான், ஆனால் "அது அங்க போச்சு" என்பதோடு சரி. எது, எங்கே என்று நாம்தான் தேட வேண்டும். மாமனார் தினம் ஒரு குறள் ஒப்பிக்க வைக்கிறார். கடகடவென்று சொல்கிறான், வீட்டுக்கு வருகிறவர்கள் கைதட்டுகிறார்கள். பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த வயதுக்குப் பழைய இலக்கியமெல்லாம் தேவையா?

குடியாத்தம் வாத்தியார்:
தேவைதான்மா. ஒப்பிக்க வைப்பதோடு நிறுத்துவதுதான் கோளாறு. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும்போது பகலில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டதுண்டா? வில்லிபாரதப் பாட்டு ஒன்றை ராகத்தோடு பாடுவார்கள். பிரசங்கியார் அதைப் பிரித்துப் பொருள் சொல்வார். அப்புறம் ஊர்ப் பேச்சில் கதையாக்குவார், நடுவே யாரையாவது கேலியும் செய்வார். ராத்திரி அதுவே கூத்தாக வரும். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகள் சூதாட்டத்தைக் கோர்வையாகச் சொல்வது இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான்.

வீட்டிலும் அதையே செய்யுங்கள். பகாசுரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறையச் சோற்றோடு போகும் பீமன், அசுரனுக்குக் கொடுக்காமல் தானே தின்கிறான். ஒரு பாட்டை ராகம் போட்டுப் பாடிவிட்டுக் கதைக்கு வாருங்கள். வண்டி புறப்பட்டதும் நிறுத்தி, "உள்ளே என்னென்ன இருக்கும்?" என்று கேளுங்கள். "அது" என்றால் அசுரன் குரலில் "எதுடா? பேரைச் சொல்!" என்று உறுமுங்கள். பையன் சொல்லியே ஆக வேண்டும். மறுநாள் நீங்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள், அவன் திருத்தட்டும். முழு வாக்கியம் அங்கேதான் வரும். பொருள் கேட்டுப் பரீட்சை மட்டும் வைக்காதீர்கள்.

ஆற்காடு செல்வி:
ஐயா, பாரதம் சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சம் அதிகம் இல்லையா? துச்சாதனன் வேஷத்தைப் பார்த்து என் மகள் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். நாங்கள் ஆத்திசூடியில்தான் ஆரம்பித்தோம். 109 வரி, அகர வரிசையில் வருவதால் எழுத்தும் சேர்ந்து பழகும்.

குடியாத்தம் வாத்தியார்:
துகிலுரிதல் இப்போது வேண்டாம், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆத்திசூடி நல்லதுதான், ஆனால் வரிக்கு வரி அறிவுரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கதை கட்டினால்தான் பிள்ளை பேச இடம் கிடைக்கும். குறளுக்கு அவசரமே இல்லை. எட்டு, ஒன்பது வயதில் மு.வ. உரையைக் கொடுங்கள். வாலாஜா பக்கத்து வேலத்துக்காரர், நம்மவர். பெரும்பாலும் ஒரு குறளுக்கு ஒரே வாக்கியத்தில் பொருள் சொல்லிவிடுவார், பிள்ளையே படித்துக்கொள்ளும்.

காட்பாடி அம்மா:
நன்றி ஐயா. குறளை நிறுத்தச் சொன்னால் மாமனார் கோபித்துக்கொள்வாரே, அதுதான் யோசனை.

குடியாத்தம் வாத்தியார்:
நிறுத்தச் சொல்லாதீர்கள். அவரையே பகாசுரனாக்கிவிடுங்கள்.

காட்பாடி அம்மா:
கேட்டுவிட்டேன். பீமன் என்றால்தான் வருவாராம்.