அணுசோதனைத் தடைக் கண்காணிப்பு: ஏழை நாடுகளுக்குச் சுமை சந்தாவா, நிலையமா?

கண்டிவாசி கேட்டது:

இலங்கை 1996 அக்டோபரில் கையெழுத்திட்ட அணுசோதனைத் தடை ஒப்பந்தத்தை (சி.டி.பி.டி.) 2023 ஜூலையில்தான் ஏற்புறுதி செய்தது. பல்லேகலையில் இருக்கும் நிலநடுக்க நிலையம் அதன் துணை நிலையங்களில் ஒன்று. குண்டும் இல்லை, உலையும் இல்லை. அப்படியான நாடு வியன்னாவில் இருக்கும் அதன் கண்காணிப்பு அமைப்புக்குச் சந்தாவும் கட்டி, நிலையத்தையும் நடத்த வேண்டுமா? நிலையத்தில் பேட்டரி போனால் யார் வாங்குவது, வியன்னாவா கொழும்பா? அபிவிருத்தியடைந்து வரும் மற்ற நாடுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன?

அளவுகோல் பதில்:

சந்தாவை முதலில் பார்த்துவிடலாம், அது பயப்படும் அளவுக்கு இல்லை. ஐ.நா.வின் பங்கீட்டு அளவுகோலை எடுத்து, இந்தியா, பாகிஸ்தான் மாதிரி வெளியே நிற்கும் நாடுகளைக் கழித்துக் கொஞ்சம் திருத்துகிறார்கள். ஆண்டு பட்ஜெட் சுமார் 13 கோடி டாலர். ஐ.நா. அளவுகோலின் அடிமட்டம் 0.001 சதவீதம், அதாவது 1,300 டாலர். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு உச்சவரம்பு 0.01 சதவீதம், 13,000 டாலர். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஐ.நா.வில் அதன் பங்கு 0.045 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அந்தக் கணக்கில் 60,000 டாலருக்குச் சற்றுக் குறைவு.

தொகை சின்னது என்பதாலேயே மறந்துபோகிறது. வெளியுறவு அமைச்சின் தலைப்பிலா, அறிவியல் அமைச்சின் தலைப்பிலா என்று முடிவாகாமல் கோப்பு சுற்றும். பில் டாலரிலும் யூரோவிலும் பிரிந்து வரும். அந்நியச் செலாவணி இறுக்கமான வருஷத்தில் இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். கோரிக்கை கைக்குக் கிடைத்து 365 நாளுக்குள் முழுதாகக் கட்டாவிட்டால் ஒப்பந்தம் அமலாகும் வரை வேலை பார்க்கும் ஆயத்த ஆணையத்தில் வாக்குரிமை போய்விடும்.

கொலம்பியாவின் சிக்கல் வேறு. ஏற்புறுதி செய்யாத ஒப்பந்தத்தின் இந்தத் தற்காலிக அமைப்புக்குப் பணம் கட்ட அதன் அரசியல் சட்டம் இடம்கொடுக்கவில்லை. 2008 ஜனவரியில் ஏற்புறுதி செய்த பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. பணம் இல்லாதது மட்டும்தான் நிலுவைக்குக் காரணம் என்று நினைக்க வேண்டாம்.

டிஜிட்டைசர் பதில்:

பேட்டரி கேள்விக்கு வருகிறேன். அதுதான் சரியான கேள்வி.

ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு நிலையங்களை இரண்டு சாதியாகப் பிரிக்கிறது. முதன்மை நிலநடுக்க நிலையங்கள் 50, கடலொலி 11, தாழொலி 60, கதிரியக்கத் துகள் 80: இவற்றை நடத்திப் பராமரிக்கும் செலவு அமைப்பினுடையது. சான்றிதழ் கிடைத்ததும் உள்ளூர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுப் பணம் தருகிறார்கள். நைஜரின் டொரோடியும் கென்யாவின் கிலிமாம்போகோவும் இந்த வகை. துணை நிலநடுக்க நிலையங்கள் 120க்கும் அப்படி இல்லை. தரவு அனுப்புவது, அதன் நம்பகத்தன்மையை உறுதிசெய்யும் ஏற்பாடு, நிலையத்தைத் தரத்துக்கு உயர்த்துவது, பெரும்பாலும் இவ்வளவுதான் அமைப்பின் பொறுப்பு. கரண்ட் பில், காவலாளி, புல் வெட்டுவது, பேட்டரி எல்லாம் இடம் கொடுத்த நாட்டின் தலையில்.

ஜெனீவாவில் இந்த ஒப்பந்தத்தைப் பேசி உருவாக்கியவர்களின் எண்ணம், 'துணை நிலையம் எப்படியும் அந்த நாட்டின் சொந்த வலையத்தில் இருப்பதுதானே' என்பது. இந்தோனேசியாவுக்கு அது பொருந்தும். அங்கே துணை நிலையங்கள் ஆறு. அவற்றை நடத்தும் அரசு வானிலை, நிலநடுக்க முகமையான பி.எம்.கே.ஜி.க்கு நாடு முழுக்கச் சொந்த வலையம், உதிரி பாகம், வண்டி, ஆள் எல்லாம் உண்டு. நாட்டிலேயே உருப்படியான ஒரே நிலையம் அதுதான் என்றால் கதை வேறு. பல்லேகலை இரண்டுக்கும் நடுவில்: அன்றாடம் பார்ப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம், ஆனால் நிலையம் அமெரிக்க ஆதரவுள்ள ஐ.டி.ஏ. உலக வலையத்தின் உறுப்பும்கூட. உணர்கருவிக்கு ஒரு தாய் வீடு இருக்கிறது.

எது கெடும்? உணர்கருவி அபூர்வமாகத்தான். மின்னல் விழுந்தால் கேபிள் வழியாக ஏறி அதிர்வை எண்களாக மாற்றும் டிஜிட்டைசரின் உள்ளீட்டைச் சுடும். எர்த்திங்கை ஒருமுறை போட்டுவிட்டு மண் காய்ந்த பிறகு யாரும் அளந்து பார்ப்பதில்லை. வெப்ப நாட்டில் பேட்டரி காகிதத்தில் சொன்ன ஆயுளை எட்டாது. ஜி.பி.எஸ். ஆண்டெனா கேபிளில் தண்ணீர் இறங்கினால் அலை வரும், நேரம் தப்பும். நேரம் தப்பிய தரவு வந்தும் பயனில்லை. தரவின் அளவு ஒரு பிரச்சினையே அல்ல. மூன்று சேனல், வினாடிக்கு 40 மாதிரி, ஒவ்வொன்றும் 4 பைட் என்றால், சுருக்காமலே நாளுக்கு சுமார் 41 எம்.பி. தொடர்ச்சிதான் பிரச்சினை.

தரவு 98 சதவீத நேரம் வந்துசேர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வருஷத்தில் ஏழே நாள்தான் விட்டுப்போகலாம். மாற்று டிஜிட்டைசர் ஒன்று சுங்கத்தில் மூன்று வாரம் கிடந்தால் அந்த வருஷம் 94க்கு இறங்கிவிடும். அங்கே இருக்கும் பொறியாளர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது இதில் கணக்கே இல்லை.

கண்டிவாசி:

தெளிவாயிற்று, நன்றி. அப்படியென்றால் செலவை அமைப்பே ஏற்கும் கதிரியக்க நிலையம் வைத்திருக்கும் நாட்டுக்குக் கவலை இல்லையா?

டிஜிட்டைசர்:

பணக் கவலை குறைவு, மின்சாரக் கவலை அதிகம். மணிக்கு 500 கனமீட்டருக்குக் குறையாமல் காற்றை இழுத்து, 24 மணி நேரம் வடிகட்டியில் பிடித்து, 24 மணி நேரம் ஆறவிட்டு, இன்னொரு 24 மணி நேரம் ஜெர்மானியம் உணரியில் கதிர்வீச்சை எண்ண வேண்டும். அந்த உணரி எப்போதும் கடும் குளிரில் இருக்க வேண்டும். நீண்ட மின்வெட்டில் பாதி சூடேறிவிட்டால் உடனே திரும்பக் குளிரூட்டக் கூடாது. முழுக்க அறை வெப்பத்துக்கு வரவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். நாலு மணி நேர வெட்டு, சில நாள் தரவைத் தின்றுவிடும். ஜெனரேட்டர் வாங்கித் தரலாம், மின்வாரியத்தை வாங்கித் தர முடியாது.

அறைக்குள் பதில்:

இரண்டு பேரும் கருவியிலேயே நின்றுவிட்டீர்கள். வியன்னாவில் வளரும் நாடுகளின் முக்கியக் குறை, முடிவெடுக்கும் அறையில் ஆள் இல்லை என்பது. கண்காணிப்பின் தொழில்நுட்பக் கையேடுகளைப் பேசித் தீர்ப்பது 'பணிக்குழு பி'. அதன் அமர்வு வாரக்கணக்கில் நடக்கும். மூன்று பேர் கொண்ட தூதரகம், அதே ஊரில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமையையும் போதைப்பொருள் அலுவலகத்தையும் பார்த்துக்கொண்டு, இதில் நிலநடுக்க நிபுணரை எங்கே தேடும்? 2007இல் நிபுணர்களின் பயணச் செலவைத் தன்னார்வ நன்கொடையில் ஏற்கும் முன்னோட்டத் திட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் அது நன்கொடை. கொடுப்பவர் கை சுருங்கினால் நாற்காலி காலி.

ஒப்பந்தம் அமலானால் 51 நாடுகள் கொண்ட நிர்வாகக் குழுவில் ஆப்பிரிக்காவுக்கு 10, லத்தீன் அமெரிக்கா-கரீபியனுக்கு 9, மத்தியக் கிழக்கு-தெற்காசியாவுக்கு 7 இடம் உண்டு. சந்தேகப்படும் இடத்துக்கே ஆளனுப்பிப் பார்க்கும் நேரடிச் சோதனைக்கு 30 வாக்கு வேண்டும். உண்மையான அதிகாரம் அங்கேதான். ஆனால் அந்தக் குழு இன்னும் பிறக்கவே இல்லை. அமலுக்கு வர ஒப்பந்தத்தின் இணைப்பு 2இல் பெயர் சொல்லியிருக்கும் 44 நாடுகளும் ஏற்புறுதி செய்ய வேண்டும். அமெரிக்காவும் சீனாவும் செய்யவில்லை, ரஷ்யா 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்கா பட்ஜெட்டில் எல்லோரையும்விடப் பெரிய பங்கு கட்டுகிறது. ஆனால் 2001இல் புஷ் நிர்வாகம் நேரடிச் சோதனைக்கான செலவுக்கு மட்டும் பணம் தர மாட்டோம் என்று சொன்னது. அதே வசதி நைஜருக்குக் கிடைக்குமா?

இலங்கைக்குத் திரும்பக் கிடைப்பதையும் சொல்ல வேண்டும். சின்ன நாடோ பெரிய நாடோ, தரவும் அறிக்கையும் எல்லோருக்கும் ஒரே அளவு, இலவசம். 2004 சுனாமிக்குப் பிறகு, 2006இலிருந்து எச்சரிக்கை மையங்களுக்கும் தரவு நேரடியாகப் போகிறது. ஒவ்வொரு நாட்டின் தேசியத் தரவு மையத்துக்கும் (என்.டி.சி.) வியன்னா தரும் 'என்.டி.சி. இன் எ பாக்ஸ்' மென்பொருளை நிறுவுவது எளிது. அதைத் தினம் திறந்து அலைவடிவம் பார்க்க ஒரு நிரந்தரப் பணியிடத்தை உருவாக்குவதுதான் கடினம். பயிற்சிக்குப் போய் வந்தவர் இடமாற்றத்தில் போய்விட்டால் கணக்கின் கடவுச்சொல்லும் அவரோடே போய்விடும்.

அளவுகோல்:

சுங்க விஷயத்தில் ஒன்று மட்டும். நிலையத்துக்காக அமைப்பும் நாடும் போடும் வசதி ஒப்பந்தத்தில் வரிவிலக்கு எழுதியிருந்தாலும், நாட்டின் சட்டத்திலோ வர்த்தமானியிலோ அது ஏறாத வரை துறைமுக அதிகாரிக்கு அது வெறும் காகிதம். பொதி கப்பலில் ஏறும் முன்பே நிதி அமைச்சின் விலக்குக் கடிதமும், கருவியின் வரிசை எண்ணோடு கூடிய பட்டியலும் சுங்கத்தில் இருக்க வேண்டும். கப்பல் வந்த பிறகு கேட்டால் டெமரேஜ்தான், அதாவது தாமதக் கட்டணம்.