பயிர் வட்டங்களை 27 நட்சத்திரங்களோடு பொருத்திப் படிக்கலாமா?

ஒற்றியூர் வாசகன்:
வணக்கம். எங்கள் தியாகராஜர் கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் தனித்தனி லிங்கங்கள் இருப்பதை வடசென்னை அன்பர்கள் அறிவீர்கள். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் வயல்களில் பயிர் சாய்ந்து தோன்றும் பெரிய வடிவங்களான பயிர் வட்டங்களில் அதே நட்சத்திரங்களின் குறியீடுகள் இருப்பதாகவும், கிரகணங்களை அவை முன்னரே அறிவிப்பதாகவும் ஒரு காணொளியில் சொல்கிறார்கள். மூன்று வட்டம் மிருகசீரிடமாம், ஏழு வட்டம் கார்த்திகையாம். இதில் கொள்ளத்தக்கது ஏதேனும் உண்டா?

தண்டையார்பேட்டை பஞ்சாங்கப் பிரியன்:
ஐயா, மூன்று விண்மீன்கள் கொண்டது மிருகசீரிடம் மட்டும்தானா? அசுவினி, பரணி, பூசம், கேட்டை, திருவோணம் ஆகியவற்றுக்கும் மரபில் மூன்றே கணக்கு. உருவத்தால்தான் அவை வேறுபடும்: அசுவினி குதிரை முகம், மிருகசீரிடம் மான் தலை. வெறும் வட்டங்களில் அந்த உருவம் ஏது? கார்த்திகையை ஏழாக எண்ணுவது கிரேக்கர் வழக்கு. நமக்கு அது ஆறு, அகநானூற்றின் 141ஆம் பாட்டும் அறுமீன் என்றே சொல்கிறது. குறியீடு நம்முடையது, எண்ணிக்கை மட்டும் அவர்களுடையது என்றால் எப்படி?

ராயபுரம் முதியவன்:
டக் பவர், டேவ் சோர்லி என்னும் இருவர் பலகையும் கயிறும் கொண்டு 1970களிலிருந்தே இரவில் பயிரைச் சாய்த்து வந்ததாக 1991இல் தாமே வெளிப்படையாகச் சொல்லி, செய்தியாளர்கள் முன் செய்தும் காட்டினார்கள். இதற்குமேல் ஆராய என்ன இருக்கிறது?

வியாசர்பாடி ஆசிரியை:
யார் வரைந்தார்கள் என்பது முடிந்த கதைதான், ஐயா. ஆனால் வரைந்ததில் வானியல் உண்டா என்பது தனிக் கேள்வி, அதற்குச் சில இடங்களில் ஆம் என்றே சொல்ல வேண்டும். 2008 ஜூலையில் வில்ட்ஷயரின் ஏவ்பரியில் தோன்றிய வடிவத்தில் சூரியனைச் சுற்றிய பாதைகளில் கோள்கள் குறிக்கப்பட்டிருந்தன. அதை 2012 டிசம்பர் 21ஆம் நாளின் கோள்நிலை என்று படித்தார்கள். வியாழன் சுமார் 12 ஆண்டுகளிலும் சனி சுமார் 29½ ஆண்டுகளிலும் ஒரு சுற்று வருவதால், அவற்றோடு செவ்வாய், வெள்ளி, புதன் நிலைகளையும் சேர்த்துக் குறித்தால் தேதியை நெருக்கமாகவே கண்டுவிடலாம். அத்தகைய படத்தைக் கணினி நிரலின் உதவியால் எவரும் வரையலாம்.

ஆனால் அது சூரியனை நடுவில் வைத்த படம். நம் ராசிக் கட்டமோ பூமியிலிருந்து பார்க்கும் வானத்தைக் காட்டுவது. ஆகவே அதை அப்படியே நட்சத்திரங்களோடு பொருத்துவது முறையன்று. மேலும் சந்திரனின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால், அமாவாசையோ பௌர்ணமியோ அப்பாதை சூரியனின் பாதையை வெட்டும் ராகு கேது புள்ளிகளுக்கு அருகில் நேர்ந்தால்தான் கிரகணம் உண்டாகும். அப்புள்ளிகளே இல்லாத படம் கிரகணத்தை எங்ஙனம் சொல்லும்?

ஒற்றியூர் வாசகன்:
நன்றி, அம்மா. எனினும் 1999இல் பிறை வடிவங்கள் வந்தன, அவ்வாண்டே அங்கு முழு சூரிய கிரகணமும் நிகழ்ந்ததே?

வியாசர்பாடி ஆசிரியை:
1999 ஆகஸ்ட் 11ஆம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வாலில் தெரிந்த அந்தக் கிரகணத்தின் நாளும் நேரமும் பல ஆண்டுகளுக்கு முன்பே கணிக்கப்பட்டவை. அவ்வூர்க்காரர்கள் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள், வரைந்தவர்கள் உட்பட. கோதுமையும் பார்லியும் முதிரும் மாதங்களுக்குள்தான் ஜூன் கதிர்த்திருப்பமும் (அங்கு ஆண்டின் மிக நீண்ட பகல்), ஆகஸ்ட் 12ஐ ஒட்டிய பெர்சியிட் எரிகற்பொழிவும் வருகின்றன. வில்ட்ஷயரின் மில்க் ஹில் குன்றில் 409 வட்டங்களோடு மாபெரும் சுருள் வடிவம் வந்ததும் 2001 ஆகஸ்ட் 12ஆம் நாள்தான். அறுவடைக்கு முன் எந்த நாளில் வரைந்தாலும் ஏதேனும் ஒரு வான்நிகழ்வு அருகில் வந்தே தீரும்.