அன்சானில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த ஊரின் கதை யாருக்காவது தெரியுமா?

உப்புவெளிப் பொடியன்:

வணக்கம். கொரிய மொழிப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு ஒன்றரை வருடம் காத்திருந்தேன். போன கிழமைதான் ஒப்பந்தம் வந்தது. இடம் தென்கொரியாவில் அன்சான், பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் பாக்டரி. சம்பளம், காப்புறுதி எல்லாம் விசாரித்துவிட்டேன், அதைக் கேட்க வரவில்லை.

இரவு சாப்பாடு போடும்போது அம்மா கேட்டா, "அது என்ன மாதிரி ஊர் தம்பி? பழைய ஊரோ?" எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கே இருந்து வந்த மச்சான் ஒருவன், "சியோலுக்குப் பக்கத்தில இருக்கிற பாக்டரி ஊர், வேற ஒண்டும் இல்லை" என்கிறான். நான் இரண்டு வருடமாக ஓட்டோ ஓட்டுகிறேன். வெளிநாட்டுக்காரரைத் திருகோணமலைக் கோட்டைக்கும் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் கூட்டிப்போய், தெரிந்த கதை எல்லாம் சொல்வேன். போய் இருக்கப்போகும் ஊரின் கதை தெரியாமல் எப்படி இருப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடற்கரை வீதி:

ஞாயிற்றுக்கிழமைகளில் வொன்கொக் தெருவுக்குப் போங்கள். மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் கிடைக்கும். வரலாறு எனக்குத் தெரியாது தம்பி. நான் இருந்த காலம் வேலையும் நித்திரையுமாகப் போய்விட்டது.

நாலு வருடம் பத்து மாதம்:

தம்பி, என் பெயரிலேயே இருக்கிறது நான் அங்கே இருந்த காலம். முலாம் பூசும் பட்டறையில் வேலை. முதல் வருடம் நானும் உங்கள் மச்சான் மாதிரித்தான் நினைத்தேன். விடுதி, பட்டறை, திரும்ப விடுதி.

அவர் சொன்னதில் பிழை இல்லை. 1970களில் சியோல் ஆட்களாலும் புகையாலும் நிரம்பிவிட்டது. அங்கே இருந்த சின்னப் பட்டறைகளை வெளியே கொண்டுபோய் வைக்க அரசாங்கம் இடம் தேடியது. மஞ்சள் கடலோரம் வயலும் உப்பளமுமாகக் கிடந்த கிராமங்களை எடுத்து, 1977இல் புது நகரம் கட்டத் தொடங்கினார்கள். அதற்குப் பெயர் பன்வொல், அதாவது அரைநிலா. 1986 ஜனவரி 1ஆம் திகதி மாநகரமானபோது அன்சான் என்று பெயர் வைத்தார்கள். அது புதுப் பெயர் இல்லை. அன்சான் என்ற மாவட்டம் நூற்றாண்டுக் கணக்காக அங்கே இருந்தது. ஜப்பான்காரர் ஆட்சியில் 1914இல் அதைக் கலைத்துப் பக்கத்து மாவட்டங்களோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள், பழைய ஊர்தான். 'சான்' என்றால் மலை. திருமலையில் இருந்து இன்னொரு மலைக்குத்தான் போகிறீர்கள்.

என்னை மாற்றியது அந்த நகரத்தின் இரண்டு பிரிவுகளின் பெயர்கள்: டன்வொன், சங்னொக். உங்கள் பாக்டரி அநேகமாக டன்வொன் பக்கம் வரும். டன்வொன் என்பது 1745இல் பிறந்த கிம் ஹொங்டோ என்ற ஓவியரின் புனைபெயர். சின்ன வயதில் அன்சானில் இருந்த காங் செஹ்வாங்கிடம் படித்தவர். அரண்மனை ஓவியராக இருந்தும், கொல்லன் பட்டறையையும் கூரைக்கு ஓடு போடுகிறவர்களையும் வரைந்தவர். அவருடைய பள்ளிக்கூடப் படத்தைக் கட்டாயம் பாருங்கள். நடுவில் ஒரு பொடியன் வாத்தியாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறான். இரண்டு பக்கமும் இருக்கிற பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். வாத்தியார் முகத்தைப் பார்த்தால் அவரும் அழுதுவிடுவார் போல இருக்கும். எங்கள் அம்மப்பா சொன்ன திண்ணைப் பள்ளிக்கூடக் கதை அப்படியே அந்தத் தாளில் இருந்தது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சங்னொக் என்ற பெயர் வந்தது ஒரு நாவலில் இருந்து. சொய் யொங்சின் என்ற இளம்பெண் 1931இல் செம்கோல் என்ற கிராமத்துக்கு வந்து, ஏழைப் பிள்ளைகளுக்குக் கொரிய எழுத்துச் சொல்லிக்கொடுத்தா. ஜப்பான்காரர் காலம், பொலிஸ் தொல்லை. 1935இல் நோயில் இறக்கும்போது 25 வயதுதான். அந்த வருடமே சிம் ஹுன் என்ற எழுத்தாளர் அவவை மனதில் வைத்து 'சங்னொக்சு', அதாவது 'பசுமை மாறா மரம்', என்ற தொடர்கதையைப் பத்திரிகையில் எழுதினார். அதில் ஓர் இடம். வகுப்பில் இத்தனை பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று பொலிஸ் உத்தரவு போடுகிறது. வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் மதிலிலும் முசுக்கட்டை மரத்திலும் ஏறி இருந்து, கரும்பலகையைப் பார்த்து வாசிக்கிறார்கள். அந்தச் செம்கோல் இப்போது அன்சானுக்குள் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கே நாவலின் பெயரை வைத்திருக்கிறார்கள். பாக்டரிகளுக்காகக் கட்டிய நகரம் ஒரு மந்திரியின் பெயரையோ முதலாளியின் பெயரையோ வைக்கவில்லை தம்பி. ஓர் ஓவியரையும் ஒரு ரீச்சரையும் வைத்திருக்கிறது. இதை எனக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு வருடம் வீணாய்ப் போயிராது.

அப்புறம் கடல். எங்கள் கடல் ஏறி இறங்குவது இரண்டு முழம் வராது. அங்கே 7, 8 மீட்டர். காலையில் தண்ணீர் நின்ற இடத்தில் மத்தியானம் சேறு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பெண்கள் வாளியோடு இறங்கி மட்டி தோண்டுவார்கள். 1994இல் அந்தக் கடலைப் பெரிய அணை போட்டு மறித்தார்கள். நன்னீர் ஏரியாக்கி வயலுக்குப் பாய்ச்சுவதுதான் திட்டம். பாக்டரிக் கழிவும் வீட்டுக் கழிவும் சேர்ந்து தண்ணீர் நாறியது, மீன்கள் செத்தன. கடைசியில் திட்டத்தைக் கைவிட்டுக் கடலைத் திரும்ப உள்ளே விட்டார்கள். அந்த அணையிலேயே 2011இல் கடல் ஏறி இறங்குவதில் மின்சாரம் எடுக்கும் நிலையம் தொடங்கியது, 254 மெகாவாட். இந்த வகையில் உலகத்திலேயே பெரியது என்று திறந்தார்கள். சிஹ்வா ஏரி என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2014 ஏப்ரல் 16 அன்று செவொல் கப்பல் கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள். அதில் 250 பேர் அன்சானில் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஜெஜு தீவுக்குச் சுற்றுலா போனவர்கள். அவர்களின் வகுப்பறைகளை, மேசை கதிரையோடு, நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மேசையிலும் பூவும் கடிதமும். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு, 2021 நவம்பரில், கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் போன அன்று அந்த மேசைகள்தான் கண்ணுக்குள் நின்றன. அங்கே போனால் சத்தம் போடாமல் ஒரு தரம் போய் நின்றுவிட்டு வாருங்கள்.

சம்பூர்:

அண்ணா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நானும் அன்சானில் இருந்தவன். பஸ்ஸில் கொரிய முகத்தோடு வயதானவர்கள் ரஷ்ய மொழி கதைப்பதைக் கேட்டு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார்கள். ஜப்பான்காரர், இப்போது ரஷ்யாவில் இருக்கிற சகாலின் தீவுக்கு நிலக்கரி தோண்டக் கொண்டுபோன கொரியர்கள் 1945க்குப் பிறகு ஊர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்களாம். உயிரோடு மிஞ்சியவர்களுக்கு 2000ஆம் ஆண்டு அன்சானில் மாடிக் குடியிருப்புக் கட்டிக் கொடுத்தார்கள். 'சொந்த ஊர்க் கிராமம்' என்று அதற்குப் பெயர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ரஷ்யாவிலேயே நின்றுவிட, கிழவர்கள் மட்டும் வந்தார்கள். 2006இல் போரால் நாங்கள் சம்பூரை விட்டு ஓடியபோது எனக்குப் பத்து வயது, திரும்பி வந்தபோது பத்தொன்பது. அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு அன்று இரவு அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

உப்புவெளிப் பொடியன்:

அண்ணாமார் இருவருக்கும் பெரிய நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மரத்தில் ஏறி இருந்து படித்த பிள்ளைகளின் இடம் வந்ததும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னா. அந்த ரீச்சரின் இடத்துக்கு எப்படிப் போவது? கடல் வற்றுவதைப் பார்க்க எங்கே நல்லது?

நாலு வருடம் பத்து மாதம்:

நாலாம் இலக்க ரயிலில் சங்னொக்சு நிலையத்தில் இறங்குங்கள், நினைவு மண்டபம் நடக்கும் தூரம்தான். சமாதியும் அங்கேதான். கடலுக்கு டான்டோ துறை. தண்ணீர் இறங்கினால் எதிரே இருக்கிற நுஎசொம் தீவுக்கு நடந்தே போகலாம், பாதையோரம் காற்றாலைகள் நிற்கும். வெளிக்கிட முதல் கடல் இறங்கும் நேரத்தைப் பார்த்து வையுங்கள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். நான் முதல் முறை போனபோது பாதை தண்ணீருக்குள் இருந்தது. கரைக் கடையில் மட்டி போட்ட கல்குக்சு என்ற நூடுல்ஸ் ஒரு கோப்பை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இருந்தேன். மூன்று மணி போல முதல் கல் வெளியே தெரிந்தது.