மண்டபத்தில் பிறந்தவர்கள் ‘குடியேறிகளின் பிள்ளைகளா’?

தேவிபட்டினம் மாணவி:
முனைவர் பட்ட ஆய்வுக்காக மண்டபத்திலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த இளைஞர்களிடம் பேசி வருகிறேன். காலனிய ஆட்சிக்குப் பிறகு குடியேறியவர்களின் பிள்ளைகள் தங்களை யாராகப் பார்க்கிறார்கள் என்பதுதான் பொருள். லண்டன், டொரண்டோ ஈழப் பிள்ளைகளை ‘இரண்டாம் தலைமுறைக் குடியேறிகள்’ என்று எழுதுகிறார்கள். இங்கேயும் அதே சொல்லை வைத்தேன். போன வாரம் ஒரு தம்பி, “இந்தச் சொல் எங்களுக்குப் பொருந்தாது அக்கா” என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சொல்லை மாற்ற வேண்டுமா?

பாம்பன் வாத்தியார்:
வேண்டாம். பெற்றோர் வேறு நாட்டில் பிறந்து பிள்ளை இங்கே பிறந்தால் இரண்டாம் தலைமுறைதான். முகாம் பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள். வகுப்பில் நம்மைப் போலவே பேசுவார்கள். சாயங்காலம் கேட்டருகே அம்மாவைப் பார்த்ததும் ‘கதைக்க’ ஆரம்பித்துவிடுவார்கள். டொரண்டோ பிள்ளையும் வீட்டுக்கொன்று, வெளிக்கொன்று என்று இப்படித்தான் வளர்கிறது. ஆளுக்கொரு பெயர் வைத்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

மண்டபம்96:
படிவத்தைத் திருப்பிக் கொடுத்தது நான்தான். பூட்டன் முதுகுளத்தூர்ப் பக்கம். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி கூட்டிக்கொண்டு போய், கழுத்தில் எண் பொறித்த தகரத் துண்டோடு இலங்கை மலைநாட்டில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார். அப்போது நோய்த் தடுப்புக்காகச் சில நாள் அடைத்து வைத்த இடம் இதே மண்டபம் முகாம். 1948 சட்டத்தில் எங்கள் ஆட்களுக்கு அங்கே குடியுரிமை போனது. இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று பங்கு பிரித்தது. எங்கள் வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வடக்கே வவுனியா, 1990இல் படகேறி இராமேஸ்வரம், அங்கிருந்து திரும்பவும் இதே மண்டபம். நான் 1996இல் இங்கே பிறந்தேன். இதில் குடியேறி யார்? பூட்டனா, அப்பாவா?

பள்ளிப் படிவத்தில் ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் நான் முதுகுளத்தூர் என்று எழுதினேன். அடித்துவிட்டு ‘இலங்கை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சிவப்பு மை இன்னும் கண்ணில் நிற்கிறது.

பாம்பன் வாத்தியார்:
தம்பி, அது தப்புதான், மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக் கதை முகாம் முழுவதற்கும் ஆகாது. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களுக்கு முதுகுளத்தூரில் பூட்டன் கிடையாது. அவர்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பொருந்துமே.

மண்டபம்96:
பொருந்தாது ஐயா. டொரண்டோவில் பிறந்த பிள்ளை பிறந்த அன்றே கனடியக் குடிமகன். இங்கே 1987 ஜூலை 1 முதல், தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004இல் அதையும் இறுக்கிவிட்டார்கள். 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு அக்கா 2022இல் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கினார். நான் பத்து வருஷம் பிந்திப் பிறந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். 2021இல் அகதிகள் முகாம் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது, நல்லது. ஆனால் குடியேறவே விடாத இடத்தில் பிறந்தவனைக் குடியேறியின் பிள்ளை என்றால், நாங்கள் கேட்டு நிற்பது ஏற்கெனவே கிடைத்துவிட்டது போல ஆகிவிடும்.

தேவிபட்டினம் மாணவி:
இது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். ‘பெற்றோர் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள்’ என்ற கேள்வியை எடுத்துவிடுகிறேன். ‘உங்கள் குடும்பம் இந்தக் கடலை எத்தனை முறை, எந்தெந்த வருஷம் தாண்டியது, யார் தாண்ட வைத்தார்கள்’ என்று கேட்கப் போகிறேன்.

பாம்பன் வாத்தியார்:
கேள்வி நல்ல கேள்வி. ஆனாலும் தலைப்பில் அந்தச் சொல் இருக்கட்டும், இல்லையென்றால் வெளியூரில் இதைத் தேடிப் படிக்க ஆள் இருக்காது. அதில் நான் மாறவில்லை.

மண்டபம்96:
தலைப்பைப் பற்றி நேரில் பேசலாம் ஐயா, நீங்களும் வாங்க. அக்கா, ஞாயிறு காலையிலேயே வந்துவிடுங்கள். அப்பாயிக்கு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாழ்க்கை முழுக்க ஞாபகம் இருக்கிறது. வெயில் ஏறினால் அசந்துவிடும். அனுமதிக் கடிதத்தை மறக்காதீர்கள், வாசலில் கேட்பார்கள்.